பறந்தால் ஆறு மணி நேரம்

பாளையங்கோட்டை
5-3-1911

அன்புள்ள தங்கை தேவமணிக்கு அண்ணன் அப்பாத்துரை எழுதுவது. கர்த்தரின் தயவால் நானும் உன் மதினியும் பிள்ளைகளும் சுகம். அம்மாவும் சுகம், குரலும் குறையவில்லை. உன் சுகமும் மாப்பிள்ளை ஜேசுதாசனின் சுகமும் அறிய ஆவல்.

போன மாதம் அலகாபாத்தில் ஒரு வெள்ளைக்காரன் ஆகாய விமானத்தில் தபால் பையைத் தூக்கிக்கொண்டு ஆற்றைத் தாண்டினானாம். பத்திரிகையில் வாசித்து வகுப்பில் சொன்னேன். அதன் பிறகு பூகோளப் பாடம் நடக்கவில்லை. "சார், நம்ம ஊர்ல இருந்து இலங்கைக்குப் பறக்கலாமா?" என்று ஒருவன் கேட்டான். சுவரில் தொங்கும் படத்தில் நூலை வைத்து அளந்தேன். பாளையங்கோட்டையிலிருந்து உன் தோட்டம்வரை நேர்கோட்டில் இருநூற்று முப்பது மைல். சென்னைக்கு ரயிலில் போகும் தூரத்தில் ஏறக்குறைய பாதி. மணிக்கு நாற்பது மைல் பறந்தால் ஆறு மணி நேரம்கூட ஆகாது. காலை ஜெபம் முடித்துப் புறப்பட்டால் மத்தியானச் சோற்றுக்கு உன் வீட்டில் இறங்கலாம். உன் சமையலை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

விமானம் வரும்வரை ரயிலும் கப்பலும்தான். அப்படியும் மூன்று நாள். போன வருடம் உன் முதல் குழந்தையை அடக்கம் செய்த பிறகு நான் வந்தேனே, நாலாம் நாள் காலையில் உன் அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன்.

இந்தத் தடவை பிரசவம் இங்கேதான் என்று அம்மா ஒரே பிடியாக நிற்கிறாள். எங்கள் தெருவில் பாதிப் பிள்ளைகள் அவள் கையில் விழுந்தவை. நீ எப்போது வருகிறாய் என்று எழுது.

அண்ணன்,
அப்பாத்துரை

கல்மலைத் தோட்டம், இலங்கை
19-3-1911

அன்புள்ள அண்ணனுக்குத் தேவமணியின் வணக்கம். இங்கே மழையும் அட்டையும் சுகம். அவற்றின் தயவில் நாங்களும் சுகம். அங்கே எல்லோருடைய சுகத்துக்கும் எழுதுங்கள்.

விமானத்தில் வந்தால் எங்கே இறங்குவீர்கள்? இந்த மலையில் சமமான இடம் துரையின் பந்தாட்ட மைதானம் ஒன்றுதான். அதில் நம்மவர்கள் கால் வைக்கக் கூடாது. வானத்திலிருந்து விழுகிறவர்களுக்கு என்ன சட்டமோ, கேட்டு எழுதுகிறேன்.

எனக்கு வரத்தான் ஆசை. ரயிலில் குலுங்கக் கூடாது என்கிறார் தோட்டத்து மருந்துக்காரர். பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. குளிருக்கு அப்படித்தான் ஆகும் என்று லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் கூலிப் பெண்கள் சொல்கிறார்கள். பிரசவம் ஆனி முதல் வாரம் என்று கணக்கு.

அம்மா இங்கே வரட்டும், அண்ணா. போன தடவை வந்த மருத்துவச்சி துருப்பிடித்த கத்தியைத் தன் சேலையில் துடைத்தாள். கண்ணை மூடினால் அந்தச் சேலைதான் தெரிகிறது.

தோட்டத்தில் வெளி ஆட்களை ஓர் இரவுக்கு மேல் தங்க விடமாட்டார்கள். இவர் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. ஆனாலும் இவருடைய மாமியாருக்கும் அதே சட்டம்தான். தோட்டத்துத் தகரம் இருந்தால் தங்கலாம். எண் குத்திய சின்ன வட்டத் தகடு அது. கழுத்தில் கட்டிக்கொண்டால் போதும், வழி தெரியாதவர்களையும் பார்சல் மாதிரி வாசலில் கொண்டுவந்து போட்டுவிடுவார்கள். இவர் ஒன்று அனுப்புவார். ஆனால் தகரம் கட்டியவர்களைத் தூத்துக்குடிப் பக்கம் முகாமில் அடைத்து வைத்துத்தான் கப்பல் ஏற்றுகிறார்கள். அதனால் அம்மாவைச் சித்திரை பிறந்ததுமே அனுப்பிவிடுங்கள்.

தங்கை,
தேவமணி

பாளையங்கோட்டை
2-4-1911

அன்புள்ள தேவமணிக்கு ஆசீர்வாதம். இவ்விடம் சுகம். உங்கள் இருவர் சுகத்துக்கும் ஜெபிக்கிறோம்.

முகாம் என்று பயப்படுகிறாயே, அது கூலிகளுக்கு. உன் அம்மா கூலியா? மிஷன் பள்ளி ஆசிரியனின் தாயார் என்று குருவானவரிடம் கடிதம் வாங்கிக் கொடுத்துவிடுகிறேன். போன வருடம் துறைமுகத்து டாக்டர் என் கோட்டையும் பூட்ஸையும் பார்த்துவிட்டு, நாக்கை நீட்டு என்றுகூடச் சொல்லவில்லை. "போகலாம்" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

மே முதல் வாரம் பள்ளிக்கு இன்ஸ்பெக்டர் துரை வருகிறார். என்னால் நகர முடியாது. உன் மதினிக்கு முதுகுவலி. அம்மா இல்லாவிட்டால் இந்த வீட்டில் அடுப்பு எரியாது. கைம்பெண் தனியாகக் கப்பல் ஏறினாள் என்று சபையில் பேச்சு வரவும் கூடாது. நம் ஊர்க்காரன் பூதலிங்கம் கங்காணியாகி அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஆள் சேர்க்கிறான். மே எட்டாம் தேதி வாக்கில் ஒரு கூட்டத்தை உங்கள் தோட்டத்துக்கே கூட்டிப் போகிறானாம். எல்லாம் நமக்குத் தெரிந்த சனம். அந்தத் துணையோடு அம்மா வரட்டும்.

உன் கணக்குப்படி பார்த்தாலும் அதன் பிறகு ஒரு மாதம் இருக்கிறது. மூன்று நாள் பயணத்துக்கு இரண்டு மாதம் முன்னாலேயே போய் அம்மா அங்கே என்ன செய்வாள்? தேயிலையா கிள்ளுவாள்?

அண்ணன்,
அப்பாத்துரை

கல்மலைத் தோட்டம்
17-4-1911

மரியாதைக்குரிய மச்சானுக்கு ஜேசுதாசன் எழுதிக்கொள்வது. ஈஸ்டர் பண்டிகையின் சமாதானம் உங்கள் வீட்டில் தங்கட்டும். இங்கே சுகம். அத்தையின் சுகத்துக்கும் மற்றவர்களின் சுகத்துக்கும் எழுதவும்.

இதனுடன் தகரம் அனுப்பியிருக்கிறேன். கங்காணி கூட்டம் புறப்படும்வரை காத்திருக்க வேண்டாம் என்பது என் தாழ்மையான எண்ணம். அத்தையை முடிந்தவரை சீக்கிரம் அனுப்புங்கள்.

நான் எழுதுவது தேவமணிக்குத் தெரியாது. அவள் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறாள். ஆனால் போன வாரம் அவள் விரலில் இருந்த கல்யாண மோதிரத்தைக் கழற்ற முடியவில்லை. சோப்புப் போட்டும் வரவில்லை. விரல் நீலமாகிவிட்டது. ஆசாரியை வரவழைத்து அறுத்தெடுத்தோம். முகமும் காலையில் ஊதியிருக்கிறது. மருந்துக்காரர் ஏதோ ஒரு பொடி கொடுத்தார். அத்தையிடம் இதைச் சொல்லுங்கள், அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

தங்கள்,
ஜேசுதாசன்

பாளையங்கோட்டை
9-5-1911

அன்புள்ள மாப்பிள்ளைக்கும் தேவமணிக்கும். இவ்விடம் யாவரும் சுகம். நேற்று அம்மாவை ரயில் ஏற்றிவிட்டேன். இந்தக் கடிதம் வருவதற்குள் அவளே வந்து சேர்ந்து உங்கள் பானைகளைக் குறை சொல்லிக்கொண்டிருப்பாள்.

திருநெல்வேலி ஸ்டேஷனில் பூதலிங்கத்தின் கூட்டம் முப்பது பேருக்கு மேல் இருந்தது. அம்மா தகரத்தைச் சேலைக்குள் மறைத்திருந்தாள். "வாத்தியாரய்யா, தகரத்த வெளிய தெரியுதாப்புல போடச் சொல்லும். உள்ள கெடந்தா அது தகரம் இல்ல, தாலி" என்றான் பூதலிங்கம்.

அம்மா விடவில்லை. "ஏலே, நீ பொறக்கும்போது காலு முந்தி வந்த பய. திருப்பி விட்டவ நான். அந்த வாய்தானா இது?"

பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். பூதலிங்கமும் சிரித்தான். ஆனால் தகரத்தை வெளியே எடுத்துப் போட்ட பிறகுதான் பெட்டியில் ஏற்றினான்.

செருப்பு வாங்கிக் கொடுத்தேன். இரண்டு அடி நடந்து பார்த்துவிட்டு, "இதப் போட்டா காலு எங்க இருக்குன்னே தெரியல" என்று மூட்டைக்குள் வைத்துக்கொண்டாள். குருவானவரின் கடிதமும் பேறுகால மருந்துகளும் அதே மூட்டையில் இருக்கின்றன.

ரயில் நகரும்போது, "அவ காலு எப்படி இருக்காம்லே?" என்று கேட்டாள். நல்லாயிருக்கு என்றேன். மாப்பிள்ளை, மோதிரத்தை அறுத்த விஷயத்தை நான் அவளிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இன்ஸ்பெக்டர் வரும் முன்பே வீட்டைத் தலைகீழாக்கியிருப்பாள். நேரில் வந்து பார்த்துக்கொள்ளட்டும்.

இன்ஸ்பெக்டர் என் விமானப் பாடத்தைக் கேட்டு மிகவும் மெச்சினார்.

அண்ணன்,
அப்பாத்துரை

கல்மலைத் தோட்டம்
17-5-1911

அன்புள்ள அண்ணனுக்கு. நாங்கள் சுகம். அங்கே சுகம்தானே?

அம்மா இன்னும் வரவில்லை. இவர் தினமும் சாயங்காலம் கீழ் ரோட்டுக்கு ஆள் அனுப்புகிறார். ஆள் ஈரமாகத் திரும்பி வந்து தலையை மட்டும் ஆட்டுகிறான். அம்மாவுக்கென்று வாங்கிய கருப்பட்டியில் எறும்பு ஏறிவிட்டது.

வரிகள் கோணலாக இருந்தால் மன்னியுங்கள். நாலு நாளாகத் தலை பிளக்கிறது. கண்ணுக்கு முன்னால் மின்மினி மாதிரி ஏதோ பறக்கிறது, பகலில்கூட. எழுத்தின் மேலேயே பறக்கிறது. விரட்டினால் போகவில்லை. உங்கள் விமானங்கள் என்று இவரிடம் சொன்னேன். இவருக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆறு மணி நேரம் என்றீர்கள், அண்ணா. பிறகு மூன்று நாள் என்றீர்கள். அம்மா எங்கே?

தேவமணி

பாளையங்கோட்டை
23-5-1911

அன்புள்ள மாப்பிள்ளைக்கு. இங்கே எல்லோரும் சுகம். தேவமணியின் சுகத்துக்கு உடனே எழுதவும்.

அவள் கடிதம் வந்த மறுநாளே தூத்துக்குடிக்கு ஓடினேன். அம்மா முகாமில் இருக்கிறாள். போன முதல் நாளிலிருந்தே அங்கேதான். அவளுக்கு எழுதத் தெரியாது; அவளுக்காக எழுத அங்கே ஆளும் இல்லை. அவள் உங்கள் அடுப்படியில் இருக்கிறாள் என்று நான் இங்கே நிம்மதியாகச் சோறு தின்றுகொண்டிருந்தேன்.

முள்கம்பி வேலி. உள்ளே தகரக் கொட்டகைகள். கூரையும் தகரம், கழுத்திலும் தகரம். வாசலில் இருந்த கிளார்க் என் பூட்ஸைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டான். "யாரப் பாக்கணும் சார்?"

"என் தாயாரை."

"தாயாரா? இங்கன கூலியாளுகதானே சார் இருக்கு."

தகரத்தின் எண்ணைச் சொன்னேன். நாற்காலியை அவன் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அதன் பிறகு 'சார்' என்று கூப்பிடவும் இல்லை.

உள்ளே போன முதல் நாளே மூட்டைகளை எல்லாம் கிருமி சாகட்டும் என்று ஆவியில் வேகவைத்திருக்கிறார்கள். குருவானவரின் கடிதமும் மருந்தும் செருப்பும் ஒன்றாக வெந்து கூழாகிவிட்டன. விடுகிற நாள் வந்தபோது அம்மாவின் கொட்டகையில் ஒரு பெண்ணுக்கு வாந்திபேதி. மறுபடி முதலிலிருந்து நாள் எண்ணினார்கள். அது முடிவதற்குள் அந்தப் பெண்ணின் தாயாருக்கு. மறுபடி முதலிலிருந்து. அதே கிணறு, அதே வாளி. நோய் வராமல் தடுக்கிற முகாம் என்று வாசலில் பலகை தொங்குகிறது. கப்பலில் மேல்தட்டில் போகிறவனின் வயிற்றுக்குள் நோய் இருக்காது என்று யார் இவர்களுக்குச் சொன்னது? காலைப் பார்த்துத்தான் கிருமி ஏறுகிறதா?

டாக்டரிடம் மன்றாடினேன். இந்தக் கொட்டகை ஆள் யாரும் நாள் முடியாமல் கப்பல் ஏற முடியாது, தோட்டத்துத் துரை பொறுப்பேற்றுத் தந்தி கொடுத்தால் மட்டும் விடலாம் என்கிறார். மாப்பிள்ளை, துரையின் காலில் விழுந்தாவது தந்தி வாங்குங்கள்.

வேலிக்கு அந்தப் பக்கம் அம்மா நின்றாள். மெலிந்திருக்கிறாள். "அவ என்ன எழுதியிருக்கா? தல வலிக்குதாமா? கண்ணு முன்னால பூச்சி பறக்குதாமா?" நான் கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லும் முன்பே கேட்டாள். ஆமாம் என்றேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிறகு சொன்னாள்: "சோத்துல உப்பு போடாண்டாம்னு சொல்லு. இருட்டு அறையில எடது பக்கமாப் படுக்க வைக்கச் சொல்லு. வெள்ளக்கார டாக்டரக் கூட்டிட்டு வரணும். நாளைக்கு இல்ல, இன்னைக்கே."

இதை நேற்றே தந்தியாகவும் அனுப்பிவிட்டேன்.

அப்பாத்துரை

கல்மலைத் தோட்டம்
29-5-1911

மச்சானுக்கு.

உங்கள் தந்தி கிடைத்தது. டாக்டருக்கு உடனே ஆள் அனுப்பினோம். அவர் வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் வந்து பார்த்தார்.

துரை ஊரில் இல்லை. சென்னையிலிருந்து வரும் தங்கையை அழைத்துவரக் கொழும்புக்குப் போயிருந்தார். நேற்றுத்தான் இருவரும் வந்தார்கள். அந்த அம்மாள் தூத்துக்குடியில்தான் கப்பல் ஏறினார்களாம். கூடவே இரண்டு நாய்கள். ஓர் இரவுதான், கடல் குளம் மாதிரி இருந்தது என்று சொல்லிக்கொண்டு பங்களாப் படியேறினார்கள். நாய்கள் முன்னால் ஓடின. நான் படிக்குக் கீழே நின்று தந்தி கேட்டேன். இன்று காலை துரை கொடுத்துவிட்டார்.

அத்தையை எப்படியாவது அனுப்பிவையுங்கள். அவர்களால் முடியாவிட்டாலும், யாராவது பிடித்து ஏற்றியாவது அனுப்புங்கள். திரும்பி வீட்டுக்கு மட்டும் அழைத்துப் போய்விடாதீர்கள். முன்பு தேவைப்பட்டதைவிட இப்போது அதிகம் தேவைப்படுகிறார்கள்.

அத்தையிடம் ஒன்று கேட்டு உடனே தந்தி கொடுங்கள். தாய்ப்பால் கிடைக்காவிட்டால், குறைமாதக் குழந்தைக்கு ஆட்டுப்பாலில் எவ்வளவு தண்ணீர் சேர்க்க வேண்டும்? எப்படிப் புகட்ட வேண்டும்?

ஜேசுதாசன்

பாளையங்கோட்டை
4-6-1911

அன்புள்ள மாப்பிள்ளைக்கு. இங்கே நாங்கள் சுகம். உங்கள் கடிதத்தில் சுகம் எழுத மறந்துவிட்டீர்கள். அலைச்சலில் அப்படித்தான் ஆகும். தேவமணிக்கு டாக்டர் என்ன மருந்து கொடுத்தார் என்றாவது எழுதியிருக்கலாம்.

நல்ல செய்தி. துரையின் தந்தியை வைத்து அம்மாவை விட்டுவிட்டார்கள். நேற்றுச் சாயங்காலம் கப்பல் ஏறிவிட்டாள். தேவமணியிடம் சொல்லுங்கள், அம்மா கடலில் இருக்கிறாள் என்று. இனித் தடை இல்லை.

பாலைப் பற்றி நீங்கள் கேட்டதற்குத் தந்தி கொடுத்திருக்கிறேன், கிடைத்திருக்கும். பிரசவத்துக்கு இன்னும் நாள் இருக்கும்போது அதற்குள் ஏன் இந்தக் கவலை என்று எனக்குப் புரியவில்லை. தலைச்சன் போன பயம் உங்களை இப்படி ஆட்டுகிறது.

முகாமில் உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பால் என்று வந்த இடத்தில் கையை உயர்த்தினாள். "அத மறுபடி வாசி" என்றாள். வாசித்தேன். "கொறமாசம்னா எழுதியிருக்காரு?" ஆமாம் என்றேன். பிறகு ஆட்டுப்பாலைக் காய்ச்சி இரண்டு பங்கு வெந்நீர் கலந்து, சுத்தமான துணித் திரியில் நனைத்துச் சொட்டுச் சொட்டாகக் கொடுக்க வேண்டும், பிள்ளையைப் பஞ்சில் சுற்றி மாரோடு வைத்துக்கொள்ள வேண்டும் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். நான் எழுதிக்கொண்டேன்.

படகில் ஏறும்போது தேவமணிக்கு ஏதாவது சொல்ல வேண்டுமா, தந்தியில் சேர்க்கிறேன் என்று கேட்டேன். என்னைப் பார்த்தாள். களைப்பு. தகரத்தை அவளாகவே எடுத்துச் சேலைக்கு வெளியே போட்டுக்கொண்டாள்.

அப்பாத்துரை

கல்மலைத் தோட்டம்
18-6-1911

மச்சானுக்கு ஜேசுதாசன் எழுதுவது. அத்தை சொல்லச் சொல்ல, அவர்கள் வார்த்தையிலேயே எழுதுகிறேன். ஒரு வார்த்தையையும் மாற்றக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள்.

ஏலே அப்பாத்துரை, உங்க அம்மை ஞானப்பூ சொல்லுதேன், கேட்டுக்க.

தேவமணி போயிட்டா. வியாழக்கிழம விடியக்காலம் கையும் காலும் வெட்டி இழுப்பு கண்டிருக்கு. பிள்ள எட்டு மாசத்துல விழுந்துட்டு. மறுபடி இழுப்பு வந்துருக்கு, அதோட சரி. வெள்ளிக்கிழம சாயந்திரம் டாக்டரு வந்தப்ப, செத்துட்டான்னு சீட்டு எழுதுததுதான் அவருக்கு வேலை. நான் அன்னைக்கு முகாமுல கஞ்சிக்கு வரிசையில நின்னுக்கிட்டு இருந்தேன்.

மாப்பிள்ளை ஏன் எழுதலைன்னு அவர் மேல பாயாத. எழுதியிருந்தா நீ வேலியப் பிடிச்சு அழுதுட்டு, வாம்மா வீட்டுக்குன்னு என்னயக் கூட்டிட்டுப் போயிருப்ப. நானும் காலு ஓஞ்சு வந்திருப்பேன். பிள்ள செத்திருக்கும். அதான் அந்த மனுசன் பொண்டாட்டிய மண்ணுல வச்சிட்டு வந்து ஆட்டுப்பாலு எவ்வளவுன்னு கேட்டு எழுதியிருக்காரு. நீ வாசிச்சப்பவே எனக்குத் தெரிஞ்சிட்டு. உங்கிட்டச் சொல்லல. படிச்சவனுக்கு அதுல என்ன எழுதியிருக்குன்னு தெரியலன்னா நான் எங்க போயிச் சொல்ல?

பொட்டப் பிள்ள. ஒரு கையில அடங்கிரும். நான் வரும்வரைக்கும் அடுத்த லயத்துல பிள்ள பெத்த ஒருத்தி, தன் பிள்ளைக்குப் போக மிச்சத்தக் குடுத்திருக்கா. இப்பம் கொஞ்சம் சத்தமா அழுதா. பொழச்சிக்கிடுவா.

மோதிரத்த அறுத்தத இங்க வந்துதான் கேக்கேன். அறுத்த மோதிரம் ரெண்டு துண்டாப் பெட்டியில கெடக்கு. ஸ்டேஷன்ல வச்சு நான் கேட்டேன்லா, காலு எப்படி இருக்குன்னு? அதுக்கும் முந்தி ரெண்டு வாரத்துக்கு மேல ஒங்கிட்ட அந்தக் கடிதம் இருந்திருக்கு. அன்னைக்கே சொல்லியிருந்தா, பூதலிங்கமாவது ஒண்ணாவது, மறுநாளே கெளம்பியிருப்பேன். ஒனக்கு இன்ஸ்பெக்டரு வந்தாரு.

பிள்ளைக்காக இங்கயே இருக்கேன். சும்மா இருக்க விடமாட்டாவளாம். தகரம் இருந்தா வேலைக்குப் போணும், வேலைக்குப் போலன்னா தோட்டத்த விட்டு எறங்கணும், அதான் தொரை சொல்லுதது. மாப்பிள்ளை படிக்குக் கீழ நின்னு கேட்டுப் பாத்தாரு. போயித் தேயிலையா கிள்ளுவான்னு எழுதியிருந்தியாம்லா? பெட்டியில இருந்த ஒன் கடிதத்த எல்லாம் வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். ஆமாலே, திங்கக்கிழமையில இருந்து கிள்ளுதேன். பிள்ளையப் பிள்ளக் கொட்டகையில விட்டுட்டு மத்தியானம் ஓடி வந்து ஆட்டுப்பாலு குடுக்கேன். செருப்பு கெடையாது, அட்ட கடிக்கி.

தொரையோட தங்கச்சி அந்த ரெண்டு நாயையும் கூட்டிக்கிட்டுத் தெனமும் எங்க மலைக்கு மேல ரோட்டுல போறா.

ஆறு மணி நேரம்னு பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுக்கியாமே, நல்லாச் சொல்லிக் குடு. எங்க அம்மைக்கு ஒரு மாசம் ஆச்சுன்னும் சேத்துச் சொல்லு.

பிள்ள சுகம். நான் சுகம். ஒன் சுகத்தக் கேட்டு எழுதணும்லா அத்தைன்னு மாப்பிள்ளை பேனாவ வச்சுக்கிட்டு இருக்காரு. வேண்டாம்னுட்டேன். நீ சுகமாத்தான் இருப்ப.